அறிவியலைப் படமாகக் குறிப்பெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடமாக அறிவியல் வகுப்பில் பிள்ளைகளை வரையவைத்துத்தான் பாடம் நடத்துகிறேன். அதைப் பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். சில கேள்விக்குப் பதில் நீளமாகப் போகும், சிலதுக்கு நாலு வரி போதும்.

படக்குறிப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? புத்தகத்தில் இருக்கிற படத்தைப் பார்த்து வரைவதுதானே?

இல்லை. "படம் வரைந்து பாகங்களைக் குறி" என்று தேர்வில் கேட்பார்களே, அது வேறு. அதில் புத்தகத்துப் படம் அப்படியே நோட்டுக்கு வந்துவிடுகிறது, நடுவில் யோசிக்க வேண்டிய வேலை அதிகம் இல்லை. நான் சொல்வது, பாடத்தைக் கேட்டோ படித்தோ, ஒரு சோதனையைக் கண்ணால் பார்த்தோ, தனக்குப் புரிந்ததைப் படமும் சில சொற்களும் அம்புக்குறியுமாகத் தாளில் இறக்குவது.

ஒரு உதாரணம். நீர் ஆவியாதல். புத்தகத்தில் ஏரி இருக்கும், மேகம் இருக்கும், நடுவில் மேல்நோக்கி மூன்று அம்பு இருக்கும். யாரும் அதைப் பார்த்து அப்படியே போட்டுவிடலாம். அதே பிள்ளையிடம் "ஏரித் தண்ணீரின் மேற்பரப்பை ஆயிரமாயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் என்ன தெரியும், வரை" என்று சொல்லிப் பாருங்கள். பென்சில் நின்றுவிடும். மேலே போவது என்ன, புகையா, காற்றா, குட்டித் துளியா, தனித்தனி மூலக்கூறா? கை எங்கே நிற்கிறதோ அங்கேதான் புரிதலும் நிற்கிறது. எழுத்தில் "நீர் ஆவியாகி மேலே செல்கிறது" என்று எழுதி அந்த இடத்தைத் தாண்டிவிடலாம். படத்தில் தாண்ட முடியாது. நான் வரையவைப்பதற்கு முக்கியமான காரணமே இதுதான், நோட்டு அழகாக இருப்பது இல்லை.

எனக்கு வரையவே வராது. என் பிள்ளைக்கும் அப்படித்தான். பரவாயில்லையா?

வட்டம், கோடு, புள்ளி, அம்புக்குறி. இந்த நான்கும் போட வந்தால் போதும்.

1610 ஜனவரி 7ஆம் தேதி இரவு கலிலியோ தன் தொலைநோக்கியில் வியாழனைப் பார்த்தார். அதன் பக்கத்தில் மூன்று சிறு நட்சத்திரங்கள் போலத் தெரிந்தன, கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. குறிப்பில் வியாழனுக்கு ஒரு வட்டம் போட்டார், மற்றவற்றுக்கு நட்சத்திரக் குறி போட்டார், அவ்வளவுதான் படம். மறுநாள் பார்த்தால் மூன்றுமே மேற்கே. 10ஆம் தேதி இரண்டுதான் தெரிந்தன, இரண்டும் கிழக்கே. 13ஆம் தேதி நான்காகிவிட்டன. ஓர் இரவுக்கு ஒரு வரிப் படம். அவற்றை ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வைத்துப் பார்த்தால், இவை பின்னால் எங்கோ இருக்கிற நட்சத்திரங்கள் இல்லை, வியாழனைச் சுற்றி வருகிற நிலவுகள் என்பது கண்ணுக்கே தெரிகிறது. பூமி மட்டும்தான் எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறது என்ற எண்ணத்தை அசைத்த குறிப்பு அது. அந்தப் படத்தை ஆறு வயதுப் பிள்ளையும் போடும்.

அதற்காக, வரையக் கற்றுக்கொள்வதில் லாபமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1609 ஜூலையிலேயே, கலிலியோவுக்குச் சில மாதம் முன்னால், தாமஸ் ஹாரியட் என்ற இங்கிலாந்து அறிஞர் தொலைநோக்கியில் நிலவைப் பார்த்து வரைந்திருக்கிறார். வெளிச்சமும் இருட்டும் சேரும் கோடு நெளிந்து நெளிந்து இருப்பதை அப்படியே போட்டார், ஆனால் அது மலையும் பள்ளமும் என்பது அந்தப் படத்தில் வரவில்லை. கலிலியோ ஒளியும் நிழலும் விழும் விதத்தை ஓவியமாகப் பயின்றவர். அதே நெளிவை மலையின் நிழலாகப் பார்த்தார். அந்தப் பயிற்சிக்கு இதில் பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அதனால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நிழல் எந்தப் பக்கம் விழும் என்பதை மட்டும் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு ஒதுக்கிச் சொல்லிக்கொடுங்கள். நிலவின் பிறைகள் பாடம் வரும்போது அது கைகொடுக்கும்.

வரைந்தால் உண்மையிலேயே மனதில் நிற்குமா, இல்லை சும்மா சொல்கிறார்களா?

நிற்கும் என்பதற்குச் சோதனைகள் இருக்கின்றன. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சிலருக்குச் சாதாரணச் சொற்களைக் கொடுத்து, சிலவற்றை வரையவும் சிலவற்றைத் திரும்பத் திரும்ப எழுதவும் சொன்னார்கள். ஒரு சொல்லுக்கு 40 விநாடி. அப்புறம் நினைவில் இருப்பதைச் சொல்லச் சொன்னபோது, எழுதிய சொற்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, வரைந்த சொற்கள் நினைவில் இருந்தன. நேரத்தை 4 விநாடியாகக் குறைத்தும் பார்த்தார்கள், அப்போதும் வரைந்ததுதான் முன்னால் நின்றது. மனதுக்குள் கற்பனை செய்து பார்ப்பது, தயாரான படத்தைப் பார்ப்பது, இவற்றையும் ஒப்பிட்டார்கள். அவையும் வரைவதற்குப் பின்னால்தான். படம் நன்றாக இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் எதையும் காட்டவில்லை. வரைய வராதே என்று கவலைப்படுகிறவர்கள் இதை இன்னொரு தடவை படிக்கவும்.

காரணம் கேட்டால், ஒரு பொருளை வரையும்போது அது எப்படி இருக்கும் என்று யோசிக்கிறோம், கை அசைகிறது, கண் பார்க்கிறது, பெயரும் மனதில் ஓடுகிறது. ஒரே விஷயம் நாலு வழியில் உள்ளே போகிறது. சொல்லாகவும் உருவமாகவும் சேர்த்துப் பதிந்தது சுலபமாகத் திரும்பக் கிடைக்கும் என்று உளவியலாளர் ஆலன் பைவியோ 1971லேயே விரிவாக எழுதிவிட்டார்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது தனிச் சொற்களை வைத்துச் செய்த சோதனை. ஒளிச்சேர்க்கையைப் புரிந்துகொள்வது என்பது "ஆப்பிள்" என்ற சொல்லை நினைவில் வைப்பது போல இல்லை. வரைந்துவிட்டாலே புரிந்துவிடும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், வரைந்ததைப் பார்த்துப் பேச வேண்டும், திருத்த வேண்டும்.

வகுப்பு நடக்கும்போதே வரைய வேண்டுமா, முடிந்த பிறகா?

இரண்டும் செய்து பார்த்தேன். நடக்கும்போது வரையச் சொன்னால் பாதிப் பேர் கரும்பலகையைத்தான் காப்பியடிக்கிறார்கள், மீதிப் பேர் வரைவதில் மூழ்கி அடுத்து சொல்வதைக் கேட்பதில்லை. இப்போது செய்வது இப்படி: பத்து நிமிடம் நடத்துவேன், பலகையை அழித்துவிடுவேன், புத்தகத்தை மூடச் சொல்வேன், மூன்று நிமிடம் நினைவிலிருந்து வரையச் சொல்வேன். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையும் தப்பாகப் போட்டதையும் வேறு மையில் திருத்தச் சொல்வேன். ரப்பர் கிடையாது. முதலில் என்ன நினைத்தோம் என்பதும் தாளில் இருக்க வேண்டும்.

முதல் வாரம் பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. மூடிவைத்துவிட்டு வரைவது கஷ்டம்தான், ஆனால் மறந்துபோனதைத் தேடி எடுக்கும் அந்தக் கஷ்டம்தான் பாடத்தை உள்ளே இருத்துகிறது. நரம்புச் செல்களை ஆராய்ந்து 1906இல் நோபல் பரிசு பெற்ற சான்டியாகோ ரமோன் இ கஹாலும் நுண்ணோக்கியில் நேரம்போவது தெரியாமல் பார்த்துவிட்டு, நினைவிலிருந்து வரைந்து, மறுபடி கண்ணாடித் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராம். அவர் படங்கள் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன.

அம்புக்குறி போடுவதில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறீர்கள்?

ஏனென்றால் அறிவியல் நோட்டில் அதிகமாகத் தப்பு ஒளிந்திருப்பது அம்புக்குறியில்தான்.

யோசித்துப் பாருங்கள், ஒரே குறி எத்தனை வேலை செய்கிறது. இயற்பியலில் அது விசை, சில பக்கம் தள்ளி அதுவே திசைவேகம், இன்னொரு பாடத்தில் ஒளிக்கதிர், வேதியியலில் "இது அதுவாக மாறுகிறது", உயிரியலில் இரத்தம் ஓடும் வழி, எல்லாவற்றுக்கும் மேலே, படத்தின் பாகத்துக்குப் பெயர் போடுவதற்கும் அதே அம்பு. பெரியவர்களுக்கு இடம் பார்த்துப் புரிந்துவிடும். பிள்ளைக்குப் புரியாது.

உணவுச் சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு. பெரும்பாலான பிள்ளைகள் வெட்டுக்கிளியிலிருந்து புல்லை நோக்கி அம்பு போடுவார்கள். கேட்டால், "வெட்டுக்கிளிதானே புல்லைத் தின்கிறது, அது தான் புல்லுக்கிட்ட போகுது" என்பார்கள். அவர்கள் கணக்கில் அது சரி, அந்த அம்புக்கு "தின்கிறது" என்று பொருள். ஆனால் உணவுச் சங்கிலியில் அம்பு காட்டுவது ஆற்றல் போகும் திசையை. புல்லில் இருக்கிற ஆற்றல் வெட்டுக்கிளிக்குப் போகிறது, அதனால் அம்பு புல்லிலிருந்து வெட்டுக்கிளிக்கு. "தப்பு, திருப்பிப் போடு" என்று மட்டும் சொன்னால் திருப்பிப் போடுவார்கள், ஏன் என்று தெரியாமலேயே.

இன்னொன்று. மேலே எறிந்த பந்து. கையை விட்டுப் போய்விட்டது, இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் இருக்கிற விசையை வரையச் சொல்லுங்கள். மேல்நோக்கி ஒரு பெரிய அம்பு வரும், கீழ்நோக்கி ஒரு சின்ன அம்பு வரும். உண்மையில் மேல்நோக்கி விசை எதுவுமே இல்லை. காற்றின் தடையை விட்டுவிட்டால் கீழே இழுக்கும் ஈர்ப்பு விசை மட்டும்தான் இருக்கிறது. மேலே போவது திசைவேகம். பிள்ளை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவைத்திருப்பது, கணக்குப் போட்டு விடை சரியாக வந்தபோதுகூட வெளியே தெரியாது, படத்தில் ஒரு விநாடியில் தெரிந்துவிடும்.

என் வகுப்பில் இரண்டு விதி. ஒரு வகை அம்பு ஒரு வேலைதான் செய்யும்: விசைக்குத் தடித்த கோடு, இயக்கத்துக்கு விட்டுவிட்டுப் போட்ட கோடு, பெயர் போடுவதற்கு அம்புமுனையே இல்லாத வெறும் கோடு. அப்புறம், எந்த அம்பின்மேலும் ஒரு வினைச்சொல் எழுத வேண்டும். "தள்ளுகிறது", "ஆகிறது", "கொடுக்கிறது". வினைச்சொல் எழுத வரவில்லையென்றால் அந்த அம்பு எதற்கு என்று அவர்களுக்கே தெரியவில்லை.

வண்ணம் தீட்டலாமா?

பொருள் இருந்தால் தீட்டலாம். சூடானது சிவப்பு, குளிர்ந்தது நீலம் என்று ஒரு காரணத்தோடு இருக்க வேண்டும். ஓரத்தில் பூக்கள் வரைவது, தலைப்பை ஐந்து நிறத்தில் எழுதுவது, இதெல்லாம் நேரத்தையும் கவனத்தையும் தின்றுவிடும்.

நிறத்தால் வரும் சிக்கலும் உண்டு. இதயப் படத்தில் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்துக்கு நீலம் அடித்து அடித்து, அந்த இரத்தம் உண்மையிலேயே நீல நிறம் என்று நம்புகிற பிள்ளைகள் ஏராளம். அது கருஞ்சிவப்புதான். நீலம் வெறும் அடையாளம் என்று படத்தின் மூலையில் ஒரு வரி எழுதவையுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் வகுப்பில் இருக்கலாம், பெரும்பாலும் பையன்கள். வெளியே சொல்லமாட்டார்கள். நிறத்தோடு கோட்டின் வகையையும் மாற்றிவிட்டால் அவர்களுக்கும் புரியும்.

அளவு சரியாக இருக்க வேண்டுமா?

எல்லாப் படத்திலும் முடியாது, தேவையும் இல்லை. ஆனால் அளவு சரியாக இல்லை என்பது வரைகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பூமியை 1 செ.மீ. வட்டமாகப் போடச் சொல்லிவிட்டு, நிலவு எவ்வளவு பெரிது, எவ்வளவு தூரத்தில் என்று கேளுங்கள். பக்கத்திலேயே இரண்டு மூன்று செ.மீ. தள்ளிப் போடுவார்கள், புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது. சரியான படத்தில் நிலவு 2.7 மி.மீ., தூரம் 30 செ.மீ., ஒரு முழு ஸ்கேல் நீளம். அதே கணக்கில் சூரியன் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான விட்டத்தில், ஏறக்குறைய 117 மீட்டர் தள்ளி இருக்கும். நோட்டில் இடமே இல்லை, மைதானத்துக்குப் போக வேண்டும். போய்ப் பாருங்கள். மாதாமாதம் ஏன் கிரகணம் வருவதில்லை என்று அங்கே நின்று கேட்டால், அவ்வளவு தூரத்தில் இருக்கிற அத்தனை சின்னப் பந்து கொஞ்சம் மேலேயோ கீழேயோ போனாலே நிழல் தவறிவிடும் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

அதை நோட்டில் ஏற்றும்போது "அளவு சரியல்ல" என்று எழுதிவிட்டால் போதும்.

தப்பாக வரைந்தால் அந்தத் தப்பே மனதில் பதிந்துவிடாதா?

திருத்தாமல் விட்டால் பதியும். ஆனால் அந்தத் தப்பு வரைவதால் வந்தது இல்லை, முன்பே உள்ளே இருந்ததுதான், இப்போதுதான் கண்ணில் படுகிறது. எனக்குச் சந்தோஷம் தருகிற நேரம் இதுதான்.

வாயுவின் துகள்களை வரையச் சொன்னால் நன்றாகவே புள்ளி புள்ளியாகப் போடுவார்கள். "புள்ளிகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் பாதி வகுப்பு "காற்று" என்று சொல்லும். காற்றைத்தான் வரைந்திருக்கிறார்கள், அதன் நடுவிலும் காற்று! நடுவில் எதுவுமே இல்லை, வெற்றிடம் என்பதை ஏற்க மனம் எளிதில் வராது. அடுத்து திரவம். துகள்களைத் தள்ளித் தள்ளிப் போடுவார்கள், திடப்பொருளுக்கும் வாயுவுக்கும் சரியாக நடுவில் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில். உண்மையில் திரவத்திலும் துகள்கள் ஒன்றையொன்று ஒட்டித்தான் இருக்கும், இடம் மாறி வழுக்கிப் போகும், அவ்வளவுதான். கொதிக்கிற தண்ணீரில் வரும் குமிழிக்குள் என்ன என்று கேட்டால் சிலர் காற்று என்பார்கள், சிலர் வெப்பம் என்பார்கள். நீராவி என்று போடுகிறவர்கள் குறைவு.

மரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு விதை, பக்கத்தில் பெரிய மரம், "இந்த எடை எங்கிருந்து வந்தது, அம்பு போட்டுக் காட்டு" என்பேன். எல்லா அம்பும் மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறும். அப்போது வான் ஹெல்மாண்ட் என்ற பழைய காலத்து அறிஞரின் கதையைச் சொல்வேன். ஏறக்குறைய 90 கிலோ மண்ணில் 2 கிலோ சொச்சம் எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 75 கிலோவைத் தாண்டிவிட்டது, மண்ணின் எடையோ 60 கிராம்கூடக் குறையவில்லை. அவர் இறந்த பிறகு 1648இல் இது அச்சில் வந்தது. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார், அதுவும் பாதிதான் சரி. காற்றிலிருக்கிற கார்பன் டை ஆக்சைடு அவர் கணக்கில் வரவே இல்லை. இதைக் கேட்டதும் பிள்ளைகள் தங்கள் படத்துக்குத் திரும்பிப் போய் இலையை நோக்கி ஒரு அம்பு சேர்ப்பார்கள், வேறு மையில். பெரிய அறிஞரும் விட்டுவிட்ட ஒரு அம்பைத் தாங்கள் போட்டோம் என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

மதிப்பெண் போடலாமா?

வேண்டாம். போட்டால் அழகாக வரையப் பார்ப்பார்கள், தெரியாத இடத்தை மறைப்பார்கள். நான் ஒரு கேள்வி மட்டும் எழுதிக் கொடுப்பேன்: "இந்த அம்பு என்ன சொல்கிறது?" "இது எங்கே போனது?"

நேரம் எங்கே இருக்கிறது? பாடத்தை முடிக்கவே பெரும்பாடு.

நியாயமான கேள்வி. எல்லாப் பாடத்துக்கும் வரைய வேண்டாம். கண்ணுக்குத் தெரியாதது (அணு, மின்னோட்டம்), ரொம்பப் பெரியது, படிப்படியாக நடப்பது, இந்த மூன்றில் வரைந்தால் பலன் அதிகம். வரையறைகள், அலகுகள், பெயர்ப் பட்டியல் இவற்றை எழுதியே படிக்கலாம். வாரத்துக்கு இரண்டு தடவை மூன்று நிமிடம் என்று ஆரம்பியுங்கள்.

கணக்கு வரும் பாடங்களுக்கும் இது உதவுமா?

சூத்திரத்தில் எண்ணைப் போடுவதற்கு முன்னால் படம் வர வேண்டும். மைக்கேல் ஃபாரடேக்கு உயர்கணிதம் தெரியாது, காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள் அமைந்த விதத்தைப் பார்த்து விசைக்கோடுகளாக வரைந்துதான் யோசித்தார். பிறகு மேக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் அதைச் சமன்பாடுகளாக எழுதினார். மின்சுற்றுக் கணக்கில் தடுமாறுகிற பிள்ளையிடம் மின்கலம், பல்பு, கம்பி மூன்றையும் வரையச் சொல்லுங்கள், பலர் ஒரே ஒரு கம்பியை மின்கலத்திலிருந்து பல்புக்கு இழுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். அங்கே ஓம் விதியை எத்தனை தடவை சொன்னாலும் பிரயோஜனம் இல்லை.

மைண்ட் மேப்பும் இதுவும் ஒன்றா?

உறவுக்காரர்கள். நடுவில் தலைப்பு, சுற்றிக் கிளைகள் என்று போவது மைண்ட் மேப், பாடத்தின் பகுதிகளை அடுக்கிப் பார்க்க நல்லது. 1970களில் ஜோசப் நோவாக்கும் அவர் குழுவும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கருத்து வரைபடம் எனக்கு இன்னும் பிடிக்கும், காரணம் அதில் இரண்டு சொல்லை இணைக்கும் கோட்டின்மேலும் சொல் எழுத வேண்டும். மேலே சொன்ன வினைச்சொல் விதியை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

என் பெண் பார்த்துக் கற்கிற வகை இல்லை, கேட்டுக் கற்கிற வகை. அவளுக்கும் வேண்டுமா?

வேண்டும். பிள்ளைகளை அப்படி வகை பிரித்து அதற்கேற்ப நடத்தினால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2008இல் உளவியலாளர்கள் நால்வர் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி எழுதிவிட்டார்கள். எப்படிப் படிப்பது என்பதைப் பாடம்தான் முடிவு செய்ய வேண்டும். இதயம் இயங்குவதைக் காதால் மட்டும் கேட்டுப் புரிந்துகொள்வது யாருக்குமே சிரமம். அவளுக்குப் பேச்சு சுலபம் என்றால் வரைந்ததை உங்களுக்கு வாயால் விளக்கச் சொல்லுங்கள்.

பார்வையில்லாத மாணவர் வகுப்பில் இருந்தால்?

அவரை ஒதுக்கி உட்காரவைக்காதீர்கள். களிமண், நூலை ஒட்டி உண்டாக்கிய மேடு கோடு, அட்டையில் குத்திய புள்ளி, இவற்றால் அவரும் படம் செய்யலாம். துகள் பாடத்துக்கு மணிகளைத் தட்டில் பரப்பிச் செய்யச் சொன்னால் கண் தெரிகிற பிள்ளைகளுக்கும் அது தாளைவிட நன்றாகப் புரிகிறது. எப்படிச் செய்தால் வசதி என்று அவரிடமே முதலில் கேளுங்கள்.

நோட்டா, டேப்லெட்டா?

எது கையில் இருக்கிறதோ அது. டேப்லெட்டில் ஒரே ஒரு சங்கடம், தப்பை அழித்தால் சுவடே இருக்காது. அழிக்காமல் புதிய அடுக்கில் திருத்தச் சொல்லுங்கள்.

சரி, நாளைக்கே ஆரம்பிக்க வேண்டும். முதலில் எதை வரையவைப்பது?

ஒரு கண்ணாடித் தம்ளரில் ஐஸ்கட்டி போட்டுத் தண்ணீர் ஊற்றி மேசையில் வையுங்கள். சற்று நேரத்தில் வெளிப்பக்கம் துளிகள் பூக்கும். யாரும் பேச வேண்டாம், புத்தகம் வேண்டாம். "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அம்பு போட்டு வரை." ஐந்து நிமிடம்.

மூன்று வகைப் படம் வரும். கண்ணாடி வழியாகக் கசிந்து வந்தது, மேலே ஏறி விளிம்பைத் தாண்டி வழிந்தது, சுற்றியிருக்கிற காற்றிலிருந்து வந்து படிந்தது. மூன்றையும் பலகையில் ஒட்டுங்கள், எது சரி என்று சொல்லாதீர்கள். எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று அவர்களிடமே கேளுங்கள். யாராவது ஒருவர் தண்ணீரில் மை கலந்து பார்க்கலாம் என்பார், இன்னொருவர் தண்ணீரே ஊற்றாமல், குளிரவைத்த காலித் தம்ளரை வைத்துப் பார்க்கலாம் என்பார். செய்து பார்த்தபிறகு அதே தாளில் வேறு மையில் திருத்தச் சொல்லுங்கள். தேதி போட்டுப் பத்திரமாக வாங்கி வையுங்கள். ஒரு மாதம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் மறுபடி வரையச் சொல்லி, இரண்டு தாளையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.